ஒரு சாண் தூக்கி, பத்து எண்ணு

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் காலை ஆறரை மணிக்கு எங்கள் சேலையூர் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் பழைய நினைப்பு ஒன்று வந்துவிடுகிறது. இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற நினைப்பு அது. வேலையில் இருந்தபோது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தொடங்கும்; சாயங்காலம் கேட்டைத் தாண்டி வெளியே வரும்வரை விடாது. வண்டலூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகும் தொழிற்பேட்டை ஒன்றில், கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன்.

போன மாதம் நிவேதா வீட்டுக்கு வந்தாள். என் நாற்காலியில் இப்போது இருப்பவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. கிரேன் ஓட்டவும் ப்ரெஸ் மெஷினில் நிற்கவும் இன்னும் நிறையப் பெண்களை எடுக்கப் போகிறார்களாம்.

"கிளாஸ்ல ஸ்லைடு போட்டா பாதிப் பேர் தூங்கிடறாங்க மேடம். தேவகி அக்கா கேஸை நீங்களே எழுதிக் குடுங்க. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க."

"எல்லாத்தையும் எழுதணுமா?"

"எல்லாத்தையும்னா?"

காபி போட எழுந்து போனேன். அந்த விஷயத்தில் நான் செய்யப் பார்த்த காரியங்கள் இரண்டு. ஒன்று தேவகிக்குத் தெரியும். இன்னொன்று, அப்போது எனக்கு மேலே இருந்த ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டு எழுதினால் அந்தப் பெண்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தோன்றியதால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா தாம்பரத்தில் மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். "நீ ஓரமா நின்னு பாத்துக்கோம்மா" என்றார் ஒர்க்‌ஷாப் வாத்தியார். மூன்று வருடம் ஓரமாக நின்று பார்த்தேன். அதன் பிறகு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை, கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் உட்கார்ந்து படித்துப் பாதுகாப்பு டிப்ளமோ. நான் பாதுகாப்பு அதிகாரியானபோது ப்ரெஸ் ஷாப்பில், அதாவது பெரிய மெஷின்கள் ஓடும் கொட்டகையில், ஒரு பெண்கூட வேலையில் இல்லை. பெண்களெல்லாம் பேக்கிங்கில் இருந்தார்கள்.

தொழிற்சாலைத் தலைவர் ரங்கநாதன் சாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தரையைப் பெருக்குபவர் முதல் எல்லோரும் அவருக்கு சார், மேடம்தான். எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் மேஜை இழுப்பிலிருந்து இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். நாம் எதிரே நின்றுகொண்டிருக்க வேண்டும். எங்கேயாவது திருப்தி இல்லையென்றால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு புள்ளி. கடைசிப் பக்கம் முடிந்ததும் "பாத்துக்குங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ப்ரெஸ் ஷாப்பில் பெண்களை எடுக்கலாம் என்று தலைமை அலுவலகம் சொன்னபோது, பெண்களுக்கான கழிப்பறை வசதி போதாது என்று அவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். 'போதாது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் புள்ளி வந்தது. ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். மறுநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ப்ரெஸ் ஷாப்பிலிருந்து ஆபீஸ் கட்டடத்தில் இருந்த பெண்கள் கழிப்பறைக்கு நடந்தேன். லாரிகள் திரும்பும் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். தொழிலாளிக்கு இடைவேளை பத்து நிமிடம். அதை மட்டும் எழுதி நீட்டினேன். ஸ்கேலை நகர்த்தினார், கையெழுத்துப் போட்டார். இரண்டே மாதத்தில் ப்ரெஸ் ஷாப்பை ஒட்டியே கழிப்பறை வந்தது.

இதைக் கேட்டுவிட்டு அவர் பெண்கள் பக்கம் நின்றவர் என்று நினைக்க வேண்டாம். "இதெல்லாம் சரிப்பட்டு வருமான்னு எனக்குத் தெரியல" என்று என்னிடமே சொன்னவர். தெரியாததைத் தெரிந்தது போல எழுதினால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

கிரேனுக்கு நான்கு பெண்களைப் பேக்கிங்கிலிருந்து தேர்ந்தெடுத்தோம். கொட்டகைக் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. முப்பது அடி உயரத்தில் ஒரு சின்ன கேபின். இரும்பு ஏணியில் ஏற வேண்டும். புடவையும் துப்பட்டாவும் கூடாது. பேன்ட், சட்டை, ஹெல்மெட். இரண்டு பேர் வீட்டில் பேன்ட் என்றதுமே சண்டை. வீட்டுக்காரர்களோடு பேச நானே போனேன்.

தேவகி வீட்டுக்கு நான் போக வேண்டியிருக்கவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. மேடவாக்கத்தில் குடியிருந்தாள், கணவர் தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டுபவர், இரண்டு பெண் குழந்தைகள். ஏணியைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னா மேடம் பயம்? அவரு சந்துக்குள்ள டேங்கரை ரிவர்ஸ்ல வுடும்போது நான்தான் பின்னால நின்னு கை காட்டுவேன். இது மேலருந்து பாக்கறது. அவ்ளோதான்."

பயிற்சியில் நால்வரிலும் அவள்தான் கெட்டிக்காரி. கிரேன் தூக்குவது பெரும்பாலும் 'டை' என்று நாங்கள் சொல்லும் அச்சுகளை. தகட்டை வெட்டி வளைக்கிற அந்த இரும்பு அச்சு ஒன்று எட்டு டன் இருக்கும். அதற்கு முறை உண்டு. அச்சின் நான்கு மூலையிலும் சங்கிலிக் கொக்கியைக் கீழே நிற்பவர் மாட்டுவார். அவர் கை காட்டியதும் கேபினில் இருப்பவர் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். கொக்கி சரியாக விழாமலிருந்தால் அந்த நேரத்தில் அச்சு ஒரு பக்கம் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கீழே இருப்பவர் பின்னால் நகர்ந்துகொள்வதும் அந்த நேரத்தில்தான். அதற்குப் பிறகே ஹாரன் அடித்து மேலே தூக்கலாம்.

இந்த முறை சுவரில் பலகையாகத் தொங்கியது. நான்தான் தொங்கவிட்டேன். பழைய ஆபரேட்டர்கள் யாரும் பத்து எண்ணியதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். எண்ணியவர்கள் அந்த நான்கு பெண்கள்தான்.

அவர்கள் கிரேனில் ஏறிய நாளிலிருந்து என் தூக்கம் போயிற்று. நான்கு பேரில் ஒருத்தி சின்னதாக எதையாவது இடித்தாலும் நான்கு பேரையும் இறக்கிவிடுவார்கள். பிறகு பத்து வருடத்துக்கு இன்னொரு பெண்ணை அந்த ஏணியில் ஏற்ற முடியாது. மெஷின் சத்தத்தில் எங்காவது கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்டால் பேனாவைப் போட்டுவிட்டு ஓடுவேன். வீட்டில் சாப்பிடும்போது போன் அடித்தால் கை அப்படியே நிற்கும். "அந்தப் பொண்ணுங்க நல்லாத்தான் இருக்கும். நீ சாப்பிடு" என்பார் என் கணவர்.

ப்ரெஸ் ஷாப் மேலாளர் மோகன். உற்பத்திக் கணக்கு கொஞ்சம் குறைந்தாலும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். பெண்கள் அச்சு மாற்ற அதிக நேரம் எடுக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். ஒரு நாள் ஸ்டாப் வாட்ச்சோடு கிரேனுக்குக் கீழே வந்து நின்றார். ஆண்கள் ஓட்டும்போது அந்த வாட்ச் வெளியே வரவில்லை. கீழே வேலை செய்பவர்களும் கிண்டலாகப் பேச ஆரம்பித்தார்கள். "தேர் கெளம்பிடுச்சா, வடம் புடிக்கணுமா?" என்று மேலே பார்த்துக் கத்துவார்கள்.

நான் அந்த வாட்ச்சைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் போனேன். இப்போதுதானே பெண்களை உள்ளே விட்டிருக்கிறார்கள், இதற்கும் சண்டை போட்டால் மொத்தத்துக்கும் ஆபத்து என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டாவது மாதம். காலை பதினொரு மணி இருக்கும். மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம் கேட்டது. ப்ரெஸ் ஷாப்பில் மெஷின்கள் ஒன்றாக நின்றால் ஒரே அர்த்தம்தான். நான் ஓடினேன்.

மூன்றாவது ப்ரெஸ்ஸுக்குப் பக்கத்தில் அச்சு ஒரு மூலை தரையில் குத்தி, மற்ற மூன்று சங்கிலிகளில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாலாவது கொக்கி காற்றில் ஆடியது. அதன் பக்கத்தில் கொக்கி மாட்டும் பழனி, மெஷினில் முதுகைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர். முகம் வெளுத்திருந்தது. அவருடைய இடது கால் ஷூவின் முன்பக்கம் தட்டையாகிக் கிடந்தது.

மேலே பார்த்தேன். கேபின் கண்ணாடிக்குப் பின்னால் தேவகி. அவசர நிறுத்தப் பட்டனை உள்ளங்கையால் அமுக்கியபடியே இருந்தாள். ஒரு தடவை அமுக்கினால் போதும். அது தானே பூட்டிக்கொள்ளும். அவள் கையை எடுக்கவே இல்லை. நான் ஏணியில் ஏறிப்போய்த்தான் எடுத்துவிட்டேன்.

பழனியைக் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. அரசுத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் அனுப்பிவிட்டு, முதலுதவி அறையில் தேவகி முன்னால் உட்கார்ந்தேன். அவளுக்குக் கொடுத்த டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது.

"கொக்கியோட நாக்கு ஒடைஞ்சி கீது மேடம்" என்றாள். அச்சிலிருந்து கொக்கி வழுகாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்புத் தடுப்புக்கு நாக்கு என்று பெயர். "பழனி அண்ணா கட்டுக்கம்பியால கட்டி வெச்சிருந்தாரு."

"சரி. தூக்கினப்போ என்ன ஆச்சு?"

அவள் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"நான் நிறுத்தல மேடம்."

"எதை?"

"ஒரு சாண் தூக்கி நிறுத்துவேன் இல்ல? அத்த இன்னிக்கி நிறுத்தல. ஒரே இழுப்பா தூக்கிட்டேன். மோகன் சார் கீழ வாட்ச்ச வெச்சிக்கினு நிக்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. ஒரே ஒரு வாட்டி, ஆம்பளைங்க டைமுக்குத் தூக்கிக் காட்டிடலாம்னு..." என்று நிறுத்தினாள். "பழனி அண்ணா இன்னும் பின்னால கூட போவல மேடம். அவரு கால் அங்கயே கீது."

அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது ஆறுதல் வார்த்தை இல்லை.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லாதே."

பாதுகாப்பு அதிகாரி சொன்ன வார்த்தை அது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நிம்மதி அதில் இல்லை. 'நீங்களுமா' என்பது போல இருந்தது.

வெளியே வந்ததும் மோகன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் முகம் வேர்த்திருந்தது.

"எஸ்தர் மேடம், நானும் ரெண்டு பொண்ணைப் பெத்தவன். பொண்ணுங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா இன்னிக்கு ஒரு உயிர் போயிருக்கும். ரிப்போர்ட் நீங்கதானே எழுதப்போறீங்க? லேடிக்கு லேடி விட்டுக் குடுத்துடாதீங்க. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க."

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கை எழுதினேன். முந்தின நாள் மறைக்கச் சொன்ன அதே ஆள், இப்போது நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். நான் நியாயமானவள், பெண் என்பதற்காகச் சலுகை காட்டாதவள் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். ஒரு சாண் தூக்கி நிறுத்தாததை எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் சரி. 'பெண் ஆபரேட்டரின் அனுபவக் குறைவு' என்று எழுதினேன். 'பதற்றத்தில் தாமதமாகச் செயல்பட்டார்' என்று எழுதினேன். கடைசியில், மறுபரிசீலனை முடியும்வரை பெண்களைக் கிரேன் பணியிலிருந்து விலக்கி வைக்கலாம் என்று பரிந்துரையும் எழுதினேன். நானே ஏற்றிய நான்கு பேரை, என் கையாலேயே.

ரங்கநாதன் சார் முன்னால் போய் நின்றேன். இரும்பு ஸ்கேல் நகர்ந்தது. மூன்று இடத்தில் பென்சில் நின்றது. எந்த மூன்று இடம் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

"பாத்துக்குங்க மேடம்."

அறைக்கு வந்து பார்த்தேன். 'பெண்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. 'தாமதமாக' என்பதற்குப் பக்கத்தில் ஒன்று. பரிந்துரைக்குப் பக்கத்தில் ஒன்று.

இரண்டாவது புள்ளிதான் முதலில் விளங்கியது. தாமதம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பராமரிப்புப் பிரிவு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு, விசாரணைக்காக அப்படியே விட்டிருந்த கிரேனில் ஏறி, சங்கிலியை மேலே இழுக்கும் சக்கரம் எந்த உயரத்தில் பூட்டியிருக்கிறது என்று அளந்தேன். கொக்கி வழுகிய பிறகு அச்சு நாலு விரற்கடைக்கு மேல் ஏறாமல் அவள் நிறுத்தியிருந்தாள். கீழே இறங்கும்போது மெக்கானிக் சொன்னார்: "மேடம், நானா இருந்தா இவ்ளோ சீக்கிரம் அமுக்கியிருப்பேனான்னு தெரியல. இன்னும் ஒரு அடி மேல போயிருந்தா மத்த மூணும் கழண்டிருக்கும். பழனி நெஞ்சு மேலதான்."

மற்ற இரண்டு புள்ளிகளுக்காகப் பழைய விபத்துக் கோப்புகளை எடுத்தேன். கிரேனில் அச்சு சாய்ந்தது, இடித்தது என்று எனக்கு முன்பும் என் காலத்திலும் சில இருந்தன. அவற்றில் ஒன்றில் என் கையெழுத்து இருந்தது. ஒரு கையில் டீ டம்ளரோடு கிரேன் ஓட்டிய ஆபரேட்டர் ஒருவர் மெஷின் தூணை இடித்துவிட்டிருந்தார். டீ விஷயம் கொட்டகை முழுக்கத் தெரியும், எனக்கும் தெரியும். காரணம் என்ற இடத்தில் 'பிரேக் தேய்மானம்' என்று எழுதியிருந்தேன். பிரேக்கும் தேய்ந்துதான் இருந்தது, பொய்யில்லை. ஆபரேட்டர் பெயர்கூட அறிக்கையில் இல்லை. 'ஆண் ஆபரேட்டர்' என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதவில்லை. ஆண்களைக் கிரேனிலிருந்து விலக்கலாம் என்று எந்தப் பைத்தியக்காரரும் பரிந்துரைக்கவில்லை. டீ குடித்தவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். மறுநாளே கேபினில் இருந்தார்.

அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. புள்ளி வைக்காத ஒரு மேலதிகாரியாக இருந்திருந்தால் அந்த அறிக்கை அப்படியே போயிருக்குமே.

மறுபடி எழுதுவதற்கு முன்னால் தேவகியைக் கூப்பிட்டேன்.

"நேத்து சொல்லாதேன்னு சொன்னேன் இல்ல? அது தப்பு. நீ நிறுத்தாததை நான் எழுதப்போறேன். உன் வாயால சொன்னதுன்னு எழுதணும். சம்மதமா?"

"வேலை பூடுமா மேடம்?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. "எழுதுங்க" என்றாள். "மூடி மூடி வெச்சிக்கினு சோறு எறங்கல."

இரண்டாவது அறிக்கை நான்கு பக்கம் வந்தது. கொக்கியின் நாக்கு உடைந்து ஐந்து வாரமாகியும் புதிது வாங்காமல் கிடந்த கோரிக்கைச் சீட்டு. அதைக் கட்டுக்கம்பியால் கட்டி ஓட்டிய பழக்கம். அன்று ஒரு சாண் உயரத்தில் நிறுத்தாமல் தூக்கியது தேவகியின் தவறு. மற்ற ஆபரேட்டர்கள் தினமும் அப்படித்தான் தூக்குகிறார்கள். ஒரு பகுதி ஆபரேட்டர்களுக்கு மட்டும் நேரம் பார்க்கப்பட்டது. கடைசியாக, இந்த இரண்டும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்திருந்தும் அவர் தடுக்கவில்லை. அந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடவில்லை. என் வேலைக்கும் ஆபத்து வரலாம். மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

கூட்டத்தில் பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ரங்கநாதன் சார் ஸ்கேலை வைத்து, சத்தமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். தேவகியின் தவறு வந்த இடத்தில் மோகன் நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு இல்ல சார்? அப்புறம் என்ன? நாலு பேரையும் பேக்கிங்குக்கு அனுப்பிடுங்க. அவங்களுக்கும் அதான் நல்லது."

ரங்கநாதன் சார் தலையைத் தூக்கவில்லை. ஸ்கேலை இரண்டு வரி நகர்த்தினார்.

"மோகன் சார், இந்த வாட்ச்சு யாரு பிடிச்சது?"

"நான்தான் சார். ப்ரொடக்‌ஷனுக்காக..."

"ஆம்பளைங்க டைம் எவ்வளவு வந்தது?"

மோகன் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார். ஆண்களுக்கு நேரம் பார்க்கப்படவே இல்லை. அடுத்து என் பெயர் வரும் வரிக்கு ஸ்கேல் வந்தது. அதையும் அதே குரலில் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன நடவடிக்கைன்னு எழுதல மேடம்."

"நீங்க சொல்லணும் சார்."

"எச்சரிக்கைக் கடிதம். ஆபரேட்டருக்கும் அதான்." அப்புறம் மோகன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் சார்."

ஆண்களும் பெண்களுமாக எல்லாக் கிரேன் ஆபரேட்டர்களுக்கும் மூன்று நாள் மறுபயிற்சி. நிறுத்தி எண்ணாமல் தூக்கினால் யாராக இருந்தாலும் இறக்கிவிடுவது. அது முடிவாயிற்று. "அவ பண்ண தப்புக்கு எங்களுக்கு ஏன் மேடம் கிளாஸு?" என்று பழைய ஆபரேட்டர்கள் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பல மாதம் கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. நான்கு பெண்களில் இரண்டு பேர் வீட்டில், விபத்துக்குப் பிறகு ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார்கள்; அந்த இருவரும் பேக்கிங்குக்குப் போனார்கள். தேவகிக்கு வீட்டில் தடையில்லை. அவளே ஏணியைத் தொட மறுத்தாள்.

"கை நடுங்குது மேடம். பேக்கிங்லயே இருந்துடறேன். வுட்டுடுங்க."

வற்புறுத்த எனக்கு என்ன தகுதி இருந்தது? மூன்று வாரம் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் நடை தானாக வேகமாகிவிடும்.

பழனி மருத்துவமனையிலிருந்து இரும்புலியூரில் உள்ள தன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும், ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். தாம்பரம் மார்க்கெட்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டிருந்தபோது தேவகி நின்றிருந்தாள். அவள் கையிலும் ஒரு பழப்பை. இருவரும் ஒரே இடத்துக்குத்தான் கிளம்பியிருந்தோம். ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம்.

பழனி கட்டிலில் காலைத் தூக்கி வைத்திருந்தார். அவர் மனைவி எங்களுக்கு நாற்காலி போட்டார். தேவகியின் முகத்தைப் பார்க்கவில்லை. தேவகி உட்காரவும் இல்லை.

"அண்ணா, அன்னிக்கி நான் நிறுத்தாம தூக்கிட்டேன்" என்றாள் வாசலிலிருந்தே.

"தெரியும்" என்றார் பழனி.

நான் திடுக்கிட்டேன். விசாரணையில் அவர் எதுவும் ஞாபகமில்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்.

"தினம் நிறுத்துவே. அந்த நேரத்துலதான் நான் பின்னால போவேன். எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தா உன்ன இறக்கி வுட்டிருப்பானுங்க. அந்தக் கொக்கிய கம்பியால கட்னவன் நானு. இன்னா மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?"

"நீ சும்மா இருய்யா" என்றார் மனைவி. அவர் கேட்கவில்லை.

"இத கேட்டுக்கோ. நீ அன்னிக்கி பட்டனை அமுக்கலன்னா நான் இல்ல. நீ நிறுத்தியிருந்தா என் வெரலும் இருந்திருக்கும். ரெண்டும்தான். ஒண்ண மட்டும் புடிச்சிக்கினு அழுவாத."

தேவகி அப்போதுதான் உட்கார்ந்தாள். தரையில். அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தோம். பழனியின் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, கொஞ்சம் தயங்கிவிட்டு, அவள் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை தேவகி என் அறைக்கு வந்து மறுபயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். பழனி நான்கு மாதம் கழித்து, லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தபடி வேலைக்குத் திரும்பினார். அவரை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்ற உத்தரவு தயாராக இருந்தது. அவர் ப்ரெஸ் ஷாப்தான் வேண்டும் என்றார். முதல் நாள் எந்தக் கிரேன் என்று கேட்டேன். தேவகி இருக்கும் கிரேனைக் காட்டினார்.

அன்று நான் போய் நின்ற இடம், அபாய எல்லைக்குத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே. மோகனும் வந்திருந்தார், கையில் ஒன்றும் இல்லாமல். அதே மூன்றாவது ப்ரெஸ், அதே எடை. பழனி புதுக் கொக்கிகளை மாட்டி, ஒவ்வொரு நாக்கையும் கட்டைவிரலால் தட்டிப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தினார். அச்சு ஒரு சாண் எழுந்து நின்றது. பழனி காலை இழுத்து இழுத்து நாலு அடி பின்னால் வந்தார். மேலே தேவகியின் முகம் தெரியவில்லை. ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. இன்னும் கிளம்பவில்லையே, கை நடுங்குகிறதோ, மயக்கம் வந்துவிட்டதோ என்று என்னென்னவோ ஓடியது.

பக்கத்து மெஷினிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "இன்னாம்மா, மேல தூங்கிட்டியா?"

பழனி அச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எண்ணிக்கினு கீது. வாய மூடிக்கினு நீயும் எண்ணு."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் மோகனின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஹாரன் அடித்தது. அச்சு நேராக, துளியும் சாயாமல் மேலே போயிற்று.